ஆசைக்கு ஒரு ஆடிஷன்

2006-ல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் தொடங்கியபோது நான் எட்டாம் வகுப்பு. முதல் சீசனில் நிகில் மேத்யூ ஜெயித்ததை அப்பாயியோடு உட்கார்ந்து பார்த்தேன். "நீயும் ஒருநாள் போய் நின்னு பாடிட்டு வாடி" என்றார். போன வருஷம் வேறொரு பாட்டுப் போட்டிக்குத் திருச்சியில் ஆடிஷன் என்று டிவியில் பார்த்ததும் அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. ஜெயிக்கும் எண்ணம் துளியும் இல்லை. ஒரு தடவை போய்ப் பாட வேண்டும், அவ்வளவுதான்.

துறையூரிலிருந்து முதல் பஸ். எட்டு மணிக்கு முன்பே அந்தக் கல்லூரி வாசலில் நீளமான வரிசை. விண்ணப்பம், வயதுச் சான்று, இரண்டு போட்டோ கொடுத்ததும் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு நம்பர் தந்தார்கள். அதற்கப்புறம் ஐந்து மணி நேரக் காத்திருப்பு.

அந்த ஐந்து மணி நேரத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வேப்பமரத்தடியிலும் வராண்டாவிலும் ஆளுக்கொரு பாட்டு. எல்லோரும் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி தங்கள் பாட்டைத் தங்களுக்கே பாடிக்கொண்டிருந்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து வந்த நர்சிங் மாணவி, தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் ஒரு அண்ணன், மகளை அழைத்து வந்து கடைசி நிமிஷத்தில் தானும் பெயர் கொடுத்த ஒரு அப்பா. கொஞ்ச நேரத்தில் கூச்சம் போய் ஒருவர் பல்லவி எடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வீட்டில் சமைக்கும்போது மட்டும் பாடியே பழகிய எனக்கு, முன்பின் தெரியாதவர்கள் என் பாட்டுக்குத் தாளம் போட்டது பெரிய சந்தோஷம்.

நான் தயார் செய்திருந்தது 'நின்னுக்கோரி வர்ணம்'. 1988-ல் வந்த அக்னி நட்சத்திரம் படத்தில் சித்ரா பாடியது. பூச்சி சீனிவாச ஐயங்காரின் மோகன ராக வர்ணத்தை எடுப்பாக வைத்துத் தொடங்கும் பாட்டு. வர்ணம் என்பது கர்நாடக சங்கீதத்தில் தொடக்கப் பாடங்களுக்கு அடுத்து வரும் உருப்படி. சின்ன வயதில் சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்ற அந்தத் தொடக்கப் பாடங்கள் எல்லாம் முடித்து நான் கற்ற முதல் வர்ணமும் அதுதான். அத்தோடு பாட்டு வகுப்பு நின்றுபோனது. அதனால்தான் இந்தப் பாட்டு. வரிசையில் இன்னும் இரண்டு பேர் இதையே பாடிப் பார்ப்பதைக் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை.

முதல் சுற்று ஒரு வகுப்பறையில். டிவியில் வரும் நடுவர்கள் யாரும் அங்கே இல்லை. மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர், ஒரு லேப்டாப். பக்கவாத்தியம் கிடையாது, சுருதிப் பெட்டி கிடையாது. "ஒரு நிமிஷம் பாடுங்க" என்றார்கள். எனக்கு முன்னால் பாடிவிட்டுப் போனவரின் சுருதி காதிலேயே நின்றுவிட்டது. போதாக்குறைக்குப் பதற்றம். மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் குரல் இழுத்துப் பிடித்தது.

"உங்க சுருதி எது?" என்று கேட்டார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர்.

"அஞ்சு கட்டை, சார்." கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடினால் சுருதி உயரும்.

"இப்பப் பாடினது ஆறு கட்டைக்குப் பக்கத்துல இருக்கு. ஒரு நிமிஷம் நிதானமா ச-ப-ச பிடிச்சுட்டு மறுபடி பாடுங்க."

அந்த இரண்டாவது வாய்ப்பை அவர் தந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணை மூடி அடிப்படைச் சுரமான ஆதார சட்ஜத்தை, அதாவது 'ச'வைப் பிடித்தேன், பஞ்சமம் ('ப') வந்தது, மேல் சட்ஜம் வந்தது. பிறகு பாடியது என் குரலாக இருந்தது. ஆடிஷனுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: பாட்டை எத்தனை தடவை பாடிப் பார்த்தாலும், தொடங்கும் சுரத்தை எதன் துணையும் இல்லாமல் பிடிக்கப் பழகுங்கள். உள்ளே போகும் வரை போனில் தம்புரா ஆப்பைப் போட்டு இயர்போனில் கேட்டுக்கொண்டே இருங்கள். பக்கத்தில் யார் எந்தச் சுருதியில் பாடினாலும் உங்கள் சட்ஜம் நழுவாது.

அடுத்த சுற்றுக்குச் சீட்டு கொடுத்தார்கள். இந்த முறை கேமரா, விளக்கு, ஒப்புதல் படிவம். என்ன வேலை, வீட்டில் யார் யார் என்றெல்லாம் விசாரித்தார்கள். வேகமான பாட்டு ஒன்று பாடச் சொன்னார்கள், பாடினேன். அப்புறம் மெதுவான ஒன்று. கீழே இறங்கும் இடங்களில் சத்தம் காற்றாகிப் போவது எனக்கே கேட்டது.

குரல் பயிற்சி தரும் ஒரு அம்மா இருந்தார். "மேல நல்லாப் போகுதும்மா. கீழ, மந்தர ஸ்தாயியில மூச்சு நிக்கலை. தினம் காலையில கீழ் பஞ்சமத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க, மெல்ல வந்துரும். இந்தத் தடவை வேண்டாம்" என்றார். வேண்டாம் என்பதைவிட அதற்கு முன் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இருபது வருஷத்தில் என் குரலை யாரும் இவ்வளவு கவனித்துக் கேட்டதில்லை.

வெளியே புதுக்கோட்டைப் பெண் காத்திருந்தாள். அவளுக்குச் சென்னைச் சுற்றுக்கு அழைப்பு. கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, டிவியில பார்க்கணும்" என்றாள். சத்திரம் பேருந்து நிலையம் வரை பாடிக்கொண்டே வந்தோம்.

மறுநாள் காலை ஐந்தரைக்குத் தம்புரா ஆப்பைப் போட்டேன். ஐந்து கட்டை. கீழ் பஞ்சமத்தில் நாலு எண்ணும் வரைதான் நிற்க முடிந்தது. இன்று காலை பதினொன்று எண்ணும் வரை நின்றேன்.