தொட்டமளூர்த் தவழும் கண்ணனிடம், தவழும் பிள்ளையோடு

பிள்ளை வரம் கேட்டு, சென்னபட்டணா பக்கத்துத் தொட்டமளூர்க் கண்ணனிடம் நேர்ந்துகொண்ட வேண்டுதலை, பிள்ளை முட்டிபோட்டுத் தவழ ஆரம்பித்துவிட்டால் மேற்கொண்டு தள்ளிப்போடக் கூடாது. பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம் என்று நம் ஆட்கள் இருக்கிற எந்தத் தெருவில் கேட்டாலும், "மொட்டை போடும்போது சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவைத்த வீடு ஒன்றாவது இருக்கும். மொட்டைக்கு நாள் பார்ப்பதற்குள் பிள்ளை எழுந்து நடந்துவிடும். நடக்கிற பிள்ளையையும் கண்ணன் ஏற்றுக்கொள்வான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே எழுந்தருளியிருப்பவனே தவழ்கிற பிள்ளை. அம்பேகாலு நவநீத கிருஷ்ணன், அம்பேகாலு என்றால் கன்னடத்தில் தவழ்வது. வீட்டில் தவழ்வதைக் கொண்டுபோய் அங்கே தவழ்பவன் முன்னால் காட்டுகிற பாக்கியம் ஏழாம் மாதத்திலிருந்து பத்துப் பதினொன்றாம் மாதம் வரைதான். மாமியார் நேர்ந்துகொண்டதோ, அம்மா நேர்ந்துகொண்டதோ, இந்த நாலு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

வேண்டுதல் என்றால் வெண்ணெய், கல்கண்டு, துளசி, முடிந்தவர்களுக்கு ஒரு தொட்டில். வெண்ணெயைக் கடையில் வாங்கிக்கொண்டு போகலாம். அப்படி வாங்கினால் உப்புப் போடாததா என்று கவரைத் திருப்பிப் பார்க்க வேண்டும், மஞ்சள் நிறமாகக் கடையில் கிடைப்பதில் உப்பு சேர்த்ததும் உண்டு. ஆனால் இந்த ஒரு தடவை வீட்டில் கடைந்து எடுத்துப் போங்கள். தினம் ஒரு லிட்டர் பால் வாங்கும் வீட்டில் ஏட்டை எடுத்து ஃப்ரிட்ஜில் சேர்த்தால் எட்டு நாளில் ஏறக்குறைய கால் கிலோ வெண்ணெய் தேறும். கிளம்புகிற நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி அந்த ஏட்டை வெளியே எடுத்து வைத்து, இரண்டு ஸ்பூன் தயிர் விட்டுக் கலந்து மூடிவையுங்கள். மறுநாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் சேர்த்துக் கடையுங்கள். பாத்திரத்தைத் தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், உறைந்திருக்கக் கூடாது. ரொம்பக் குளிர்ந்திருந்தால் நுரை மட்டும் பொங்கும், திரளாது. சூடாகிவிட்டால் எண்ணெய் மாதிரி மினுமினுத்துக்கொண்டு மத்தில் ஒட்டும், அதுவும் திரளாது. அப்போது நாலு ஐஸ் கட்டியைப் போட்டு மெதுவாகச் சுற்றினால் சேர்ந்து வரும். திரண்டதைப் பச்சைத் தண்ணீரில் மூன்று தடவை, தண்ணீர் தெளிகிற வரை அலசுங்கள். மோர் உள்ளே தங்கினால் விடிவதற்குள் புளித்துவிடும்.

கடையும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். மத்தின் சத்தம் கேட்டதுமே தலை திரும்பும். முதலில் பாத்திரத்தைப் பார்க்கும், அப்புறம் நம் முகத்தைப் பார்க்கும், அப்புறம் கை இரண்டையும் தரையில் ஊன்றி, ஒரு முட்டியை முன்னால் வைத்து வரும். நைவேத்தியத்துக்கு என்று தனியாக உருட்டி வைக்கும் வரைக்கும் அந்தக் கையைத் தடுத்து வைப்பது பெரிய பாடு. யசோதைக்கு இதுதான் தினமும் நடந்திருக்கிறது. பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாலாட்டு, செங்கீரை, சப்பாணி, தளர்நடை, காது குத்து, நீராட்டம் என்று ஒவ்வொன்றாகப் பாடியதெல்லாம் ஒரு தாய் பகல் முழுக்கச் செய்கிற வேலைகள்தான். அதில் எந்த ஒன்றையும் அவர் சின்ன விஷயம் என்று விட்டுவிடவில்லை.

பெங்களூரிலிருந்து அறுபது கிலோமீட்டர், மைசூர் ரோட்டில் சென்னபட்டணா தாண்டி மூன்று கிலோமீட்டர். கைக்குழந்தையோடு போக ரயில்தான் என் கணக்கில் நல்லது. அல்சூரில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறினால் சிட்டி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிடும். அங்கிருந்து சென்னபட்டணாவில் நிற்கிற மைசூர் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள், எல்லா எக்ஸ்பிரஸும் நிற்காது. பஸ் என்றால் சாட்டிலைட் பஸ் ஸ்டாண்டில், "சென்னபட்டணா ஊருக்குள்ள போகுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏற வேண்டும். நான்-ஸ்டாப் வண்டிகள் பைபாஸில் ஊரைத் தொடாமலே போய்விடும். காரில் போகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். ராமநகரா, சென்னபட்டணா இரண்டையும் சுற்றிக்கொண்டு போகும் அந்தப் புது எக்ஸ்பிரஸ்வேயில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, சரியான இடத்தில் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கத் தவறினால் வெகுதூரம் போய்த்தான் திரும்ப வேண்டும். பைக்கையும் ஆட்டோவையும் 2023 ஆகஸ்ட் முதல் அந்தப் பெரிய ரோட்டில் விடுவதில்லை, அவர்களுக்கு சர்வீஸ் ரோடுதான். காரில் பிள்ளையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைக்குச் சாப்பாடு. ராகி மாவு கைவசம் இருந்தால் கவலையில்லை. அரைக் கிலோ ராகியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள் முளை விடவைத்து, நிழலில் காயவைத்து, வாசனை வரும்வரை லேசாக வறுத்து அரைத்து மெல்லிய துணியில் சலித்த மாவு. ஒரு மேஜைக்கரண்டி மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். வெந்நீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். ஒரு டம்ளர் தண்ணீருக்குச் சின்னத் தீயில் ஏழெட்டு நிமிஷம். பிளாஸ்கில் ஊற்றினால் போகப்போக இறுகும், அதனால் வீட்டில் கொடுப்பதைவிடக் கொஞ்சம் நீர்க்கவே காய்ச்சுங்கள், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். வழியில் பிடதியில் தட்டு இட்லி கிடைக்கும். பெரியவர்களுக்கு அது. எட்டு மாதத்துப் பிள்ளைக்கும் அதன் நடுப்பகுதியைப் பிய்த்து மசித்து ஊட்டலாம், சட்னி வேண்டாம்.

காலை பத்து மணிக்குள் கோயிலுக்குள் இருக்கும்படி கிளம்புங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், வெயிலில் பிள்ளையை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்க முடியாது. சனி ஞாயிறும், கோகுலாஷ்டமியும், புரட்டாசிச் சனிக்கிழமையும் கைக்குழந்தைக்காரர்களுக்கு ஏற்ற நாட்களே இல்லை. செவ்வாய், புதன் போனால் நின்று சேவிக்கலாம். கூட்ட நாளில் நமக்கு முன்னால் நிற்பவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தால் பிள்ளையின் கண்ணுக்கு அந்த வெளிச்சம்தான் தெரியும், பெருமாள் தெரியமாட்டார். இதைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. பக்கத்தில் குழந்தை நிற்கிறது என்று ஒரு நிமிஷம் நினைக்க மாட்டார்களா?

வாசல்களில் இன்னொரு தொல்லை. "குழந்தை வேண்டுதலா? தனியா பூஜை பண்ணித் தரேன், தொட்டிலும் என்கிட்டயே இருக்கு" என்று வழியை மறித்துக்கொண்டு நிற்பவர்கள் எந்த க்ஷேத்திரத்திலும் உண்டு. அவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். உள்ளே அர்ச்சகரிடமோ கோயில் கவுண்டரிலோ கேட்டுச் செய்வதுதான் வேண்டுதல். தொட்டில் கொடுப்பதாக இருந்தால் வெள்ளியில் சிறியதாக அவென்யூ ரோடு, நகரத்பேட்டைப் பக்கம் முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள்ளலாம். மரத்தொட்டில் சென்னபட்டணாவிலேயே கிடைக்கும். எடை அவரவர் வசதி. சங்கிலி வளையம் பற்றவைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெறுமனே நெளித்து விட்டிருந்தால் வழியிலேயே பிள்ளை இழுத்துக் கழற்றிவிடும், கழன்ற வளையம் நேராக வாய்க்குத்தான் போகும்.

முதலில் மூலவர் அப்ரமேயர், சோழர் காலத்துச் சந்நிதி. அளவிட முடியாதவன் என்று பெயர். அப்புறம் அரவிந்தவல்லித் தாயார். கண்ணனைப் பார்க்கிற அவசரத்தில் தாயாரைச் சேவிக்காமல் வருகிறவர்கள் நிறையப் பேர், அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளை பெற்ற வயிற்றுக்கு அவளிடம் சொல்ல ஒன்றாவது இருக்கும். பிறகு பிரகாரத்தில் நவநீத கிருஷ்ணன்.

இங்கேதான் நிற்க வேண்டும். அளவிட முடியாதவன் அங்கே நின்றான், இங்கே ஒரு முழக் கருங்குழந்தையாகத் தவழ்கிறான். முட்டி தரையில், வலது கையில் வெண்ணெய், முகம் திரும்பியிருக்கிறது. புரந்தரதாசர் வந்தபோது நடை சாத்தியிருந்ததாம், வெளியே நின்றே "ஜகதோத்தாரணா" பாடினாராம், யார் பாடுவது என்று இவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தானாம். உலகத்தைத் தூக்கி நிறுத்துகிறவன் என்று தெரியாமலே யசோதை பிள்ளையென்று கொஞ்சி விளையாடினாள் என்கிற பாட்டு அது. கூப்பிட்டால் கழுத்தைத் திருப்புகிற அந்தப் பார்வையைத் தாய்மார்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்திருப்பார்கள். செய்யக் கூடாததைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து பெயர் சொன்னதும், தவழ்வதை நிறுத்திவிட்டு, "பார்த்துட்டியா?" என்று திரும்புகிற முகம். விபூதிக் கிண்ணத்தைக் கவிழ்க்கும்போது அந்த முகம்தான். அரிசி டப்பாவுக்குள் கையை விடும்போதும் அதே முகம்தான். தீபாராதனை காட்டுகிறபோது பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி, முகம் சந்நிதியைப் பார்க்கும்படி நெஞ்சோடு அணைத்துக் கொஞ்சம் தாழ்த்திப் பிடியுங்கள். கற்பூர வெளிச்சத்தில் அவன் பிள்ளையைப் பார்ப்பான், பிள்ளை அவனைப் பார்க்கும். சில பிள்ளைகள் அந்த நேரத்தில் சட்டென்று அழுகையை நிறுத்திவிடும், சில கையை நீட்டும். கேட்க வந்ததெல்லாம் அந்த நொடியில் மறந்து போகும். கொடுத்தவன் நீ, இதோ பார், நல்லா இருக்கு, என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வராது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பால் கொடுத்தது, காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தது, பல் முளைக்கும்போது விரலைக் கடித்தது எல்லாம் அங்கே நன்றியாகத்தான் வருகிறது. எத்தனை பேர் அந்தச் சந்நிதியில் மடி வெறுமையாக நின்று அழுகிறார்கள். அவர்கள் பக்கத்தில் நின்றால் ஒரு நிமிஷம் அவர்களுக்காகவும் கேளுங்கள். அவன் இல்லையென்று சொல்ல மாட்டான்.

சடாரி வைக்கும்போது பிள்ளை திடுக்கிடும், இல்லையென்றால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும். தலையை லேசாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டால் போதும். பிரசாதத்தில் மட்டும் கவனம். ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் வேண்டாம், பிரசாதத்தை நெற்றியில் ஒற்றிவிட்டுத் தாய் சாப்பிட்டால் போதும். தவழ்கிற பிள்ளைக்கு வெண்ணெயை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைக்கலாம். கல்கண்டைக் கொடுக்காதீர்கள், சின்னத் துண்டுகூடத் தொண்டையில் சிக்கும். வீட்டுக்கு வந்த பிறகு பெரியவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். தேனும் ஒரு வயது முடிகிற வரை கூடாது, எந்தக் கோயிலில் யார் கொடுத்தாலும்.

திரும்பும்போது சென்னபட்டணாவில் பொம்மை வாங்காமல் வருவது நடக்காது. ஆலெ மரம் என்று அங்கே சொல்வது நம்முடைய வெப்பாலை, வெள்ளையான, மென்மையான மரம். கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும், அப்புறம் ஓலையால் அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். பெயின்ட் அடித்ததும் அந்தக் கடைத்தெருவில் கலந்து கிடைக்கும், மூக்கருகே வைத்தால் வாடை காட்டிக்கொடுக்கும். விளிம்பை நகத்தால் சுரண்டினால் பெயின்ட் செதிலாக உரியும், அரக்கு அப்படி உரியாது. கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை போதும். உள்ளே மணி தெரிகிற மாதிரி பிளவு இருந்தால் வேண்டாம். நாலரை சென்டிமீட்டருக்குக் குறைந்த உருண்டை, கழற்றுகிற தலை, சின்னச் சக்கரம் எதுவும் மூன்று வயது வரை வேண்டாம். நடைவண்டி வாங்குவதானால் கைப்பிடியை லேசாக அழுத்திப் பாருங்கள், முன்பக்கம் தூக்கினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பிள்ளை எழுந்து நிற்க முதலில் பிடிப்பதே அந்தக் கைப்பிடியைத்தான்.

சாயங்கால ரயிலில் பிள்ளை கட்டாயம் தூங்கிவிடும், வாயோரத்தில் வெண்ணெய் காய்ந்திருக்கும். துடைக்காதீர்கள், வீடு போய்ச் சேரட்டும். அப்ரமேயா, தவழ்ந்து வந்த பிள்ளை, அடுத்த வருஷம் நடைவண்டி தள்ளிக்கொண்டு உன் வாசலுக்கு வரும். அதுவரைக்கும் இரண்டு பேரும் விழாமல் இருங்கள்.