ஹேம்பரில் எத்தனை பேட்?

தீபாவளி நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில்களும் சங்கங்களும் ஏழைக் குடும்பங்களுக்கு ஹேம்பர், அதாவது இலவசப் பொருள் பொட்டலம், கட்டுகின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய், தேயிலை. யாராவது நினைவுபடுத்தினால் மாதவிடாய்க்கான ஒரு பாக்கெட் பேடும் உள்ளே போகும். அதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம்.

கணக்குப் போடுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து நாளைக்கு இருபது. பத்து பேட் உள்ள பாக்கெட் மூன்றாம் நாள் தீர்ந்துவிடும். வருடத்துக்கு 13 சுற்று என்றால் ஒருத்திக்கு 260 பேட், 26 பாக்கெட். அம்மாவும் இரண்டு மகள்களும் இருக்கும் வீட்டுக்கு 78. ஆகவே ஐம்பது பேருக்கு ஆளுக்கொரு பாக்கெட் கொடுப்பதைவிட, இரண்டு பேருக்கு மாதாமாதம் தேவையான அளவு கொடுப்பதே மேல்.

2019 ஏப்ரல் 1 முதல் பேடுக்கு 15 விழுக்காடு வாட் கிடையாது. வரிதான் போனது, விலை போகவில்லை. பள்ளிகளைச் சுற்றுவட்டார ஏழ்மையை வைத்து அரசு ஐந்து தரமாகப் பிரித்திருக்கிறது; அரசின் இலவச பேடும் முக்கியமாக மிக ஏழ்மையான முதல் மூன்று தரத்திலுள்ள கட்டணமில்லாப் பள்ளிகளுக்கானது. டர்பனில் நம்மவர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கட்டணம் வாங்கும் பள்ளிகள் பல. அங்கே படிக்கும் பிள்ளையின் அம்மாவுக்கு வேலை போயிருந்தால் அந்தப் பிள்ளை எந்தப் பட்டியலிலும் வராது. அவளைக் கண்டுபிடிக்க வகுப்பு ஆசிரியையைக் கேளுங்கள்.

துணி பேட் தைத்துக் கொடுத்தால் செலவு குறையும். பழைய தையற்சாலைக் கைகள் இங்கே நிறைய உண்டு. நீளம் 25 செ.மீ., நடுவில் அகலம் 7 செ.மீ. மேலே ஃபிளானல், நடுவில் டவல் துணி மூன்று மடிப்பு, அடியில் பியுஎல், அதாவது நீர் புகாதபடி பிளாஸ்டிக் படலம் ஒட்டிய துணி. ஃபிளானலை முதலில் நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே சுருங்கும். பியுஎல்லின் நடுவில் ஊசி போடவே கூடாது. ஓட்டை வழியே கசியும். பருத்தி நூலும் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி வெளியே கொண்டுவரும். பாலியெஸ்டர் நூல் போதும்.

தைப்பது எளிது. துவைப்பதில்தான் சிக்கல். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலசிய பிறகே சோப்பு. வெந்நீர் பட்டால் கறை உறைந்துவிடும். துணிக்கு மணம் சேர்க்கும் திரவம் போட்டால் டவல் துணி ஈரத்தை உறிஞ்சாது. டர்பன் கோடைப் புழுக்கத்தில் காய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதனால் ஒரு நாளைக்கு நான்கு என்ற கணக்கில் ஆளுக்குக் குறைந்தது பன்னிரண்டு வேண்டும். ஃபிளாட்டில் மாமனார், மச்சினன் கண்ணில் படக்கூடாதென்று துண்டுக்கடியில் மறைத்துக் காயப்போடுவார்கள். பாதி காய்ந்த துணி நாறும், அரிப்பும் வரும். ‘வீட்டுக்குத் தூரம்’ என்று சொல்லி வளர்த்த வெட்கம் இது. மெல்லிய பருத்தித் துணியால் மூடி வெயிலில் போடலாம்.

தண்ணீர் இல்லாவிட்டால் துணி பேட் வீண். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அங்கே மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது. டேங்கர் தண்ணீர் பிடிக்கும் வீட்டுக்குக் கடை பேடே கொடுங்கள். கூடவே பயன்படுத்திய பேடைப் போடக் கறுப்புப் பை; கழிவறையில் போட்டால் அந்தக் குழாயும் அடைத்துக்கொள்ளும்.

பலரும் மறப்பது ஒன்று: ஜட்டி. எலாஸ்டிக் தளர்ந்ததில் எந்த பேடும் நிற்காது. அளவு கேட்டு ஆளுக்கு மூன்று வையுங்கள்.