கட்டணமில்லாச் சீட்டின் கணக்கு

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தபோது, அதை வெறும் இலவசம் என்று எள்ளியவர்களுள் நானும் ஒருவன். விடியற்காலைப் பேருந்தில் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, நடத்துநர் கிழித்துத் தந்த சீட்டை முந்தானையில் முடிந்துகொண்ட ஓர் அம்மா, மிச்சமாகும் பேருந்துக் காசில்தான் பேத்திக்குப் பால் வாங்குவதாகச் சொன்ன பிறகே என் எண்ணம் மாறியது. நடந்து போகும் தொலைவிலேயே குறைந்த கூலிக்கு அடங்கிக் கிடந்தவர்கள், இரண்டு பேருந்து மாறியாவது கூடுதல் கூலி கிடைக்கும் இடத்துக்குப் போகலாம் என்பதே இத்திட்டத்தின் உண்மையான பொருளாதாரம்.

'பணம் எங்கிருந்து வரும்?' என்று இன்று கேட்பவர்கள், இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்து மீதான வரி 1985இலும், செல்வ வரி 2015 வரவுசெலவுத் திட்டத்திலும் நீக்கப்பட்டபோதும், சலுகைகளைக் கைவிடும் உள்நாட்டு நிறுவனங்களுக்கான வருமான வரி 2019இல் 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோதும் அதே கேள்வியை இவ்வளவு உரக்கக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த அம்மாவோ தீப்பெட்டி வாங்கினாலும் சரக்கு சேவை வரி கட்டுகிறார்.

ஒரு குறை மட்டும் உண்டு. மாலைக்கு மேல் எங்கள் பக்கம் அந்தப் பேருந்துகள் அரிதாகவே வருகின்றன. சென்ற வாரம் வெறுங்கூடையோடு வெகுநேரம் காத்திருந்துவிட்டு, அவர் காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில்தான் வீடு திரும்பினார்.