எஃப்.எம். சிந்தசைஸரில் மிருதங்கம்: வலந்தலைக்குப் பின்னம் வேண்டாம்

எஃப்.எம். சிந்தசைஸர் என்பது ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்து ஒலி செய்யும் கருவி; அந்த அலைகளை எழுப்பும் பகுதிகளுக்கு ஆபரேட்டர் என்று பெயர். அதில் தாளவாத்திய ஒலி செய்ய உட்காருபவர்கள் முதலில் கேள்விப்படுவது, 'ஆபரேட்டர்களின் விகிதத்தைப் பின்னமாக வை' என்பதுதான். டாம் என்னும் டிரம் செட் முரசு, மணி, தகரத் தட்டு எல்லாவற்றுக்கும் அது சரி. மிருதங்கத்துக்கும் அதையே செய்தால் எத்தனை மணி நேரம் திருகினாலும் டாம்தான் வரும்.

அந்த யோசனைக்கு ஒரு மூலம் உண்டு. எஃப்.எம். முறையைக் கண்டுபிடித்த ஸ்டான்ஃபோர்டின் ஜான் சௌனிங், 1973 கட்டுரையில் மணியோசைக்கு 200 ஹெர்ட்ஸ் கேரியரும் (காதில் விழும் அலை) 280 ஹெர்ட்ஸ் மாடுலேட்டரும் (அதை அசைக்கும் அலை) கொடுத்தார். விகிதம் 1.4, நீளம் 15 நொடி. அதே விகிதத்தை வைத்து நீளத்தை 0.2 நொடியாகச் சுருக்கி, மாடுலேஷனையும் குறைத்தால் தோல்வாத்தியம் மாதிரி ஒலிக்கும். வெறும் தோலின் இயல்பும் அப்படித்தான். வட்டமாக இழுத்துக் கட்டிய தோலை அடித்தால் அதன் மேல்சுரங்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். அதனால்தான் சாதாரண முரசுக்குத் தெளிவான சுருதி கிடையாது.

மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை வேறு. நடுவில் அப்பியிருக்கும் கருப்புப் பசையான கரணை அந்தத் தோலின் எடைக் கணக்கையே மாற்றிவிடுகிறது. சி.வி.ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதியதும் 1934-இல் விரிவாகக் காட்டியதும் இதைத்தான்: தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களாகக் கூடி, 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக நிற்கின்றன. அதாவது, நமக்கு வேண்டியது முழு எண்கள்.

யமஹாவின் எஃப்.எம். சிந்தசைஸரான டி.எக்ஸ்.7 (1983) கையில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் டெக்ஸட் மென்பொருள் போதும், எண்கள் எல்லாம் அதே எண்கள்தான். ஆபரேட்டர்களை இணைக்கும் முறைக்கு அல்காரிதம் என்று பெயர்; அல்காரிதம் 32-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறு ஆபரேட்டர்களும் கேரியர்கள், யாரும் யாரையும் மாடுலேட் செய்வதில்லை. எஃப்.எம். கருவியை வாங்கிவைத்துக்கொண்டு எஃப்.எம்.மே செய்யாமல் இருப்பதா என்று தோன்றும், தோன்றட்டும். ஐந்து ஆபரேட்டர்கள் ராமனின் ஐந்து சுரங்களுக்கு, ஆறாவது விரல் படும் சத்தத்துக்கு. கணக்கு இவ்வளவு பொருத்தமாக அமைவது அபூர்வம்.

முதலில் 'தீம்' என்ற சொல் (மிருதங்கத்தின் ஒவ்வோர் அடிக்கும் 'சொல்' என்று பெயர்). ஆபரேட்டர் 1 முதல் 5 வரை கோர்ஸ் (விகிதத்தின் முழு எண்) 1, 2, 3, 4, 5; ஃபைன் (பின்னப் பகுதி) எல்லாம் 0. அவுட்புட் 99, 90, 82, 76, 70. இந்த அளவுகோலில் 8 எண் குறைத்தால் அலையின் உயரம் பாதியாகும், அதை நினைவில் வைத்துச் சரிசெய்யுங்கள். ஒலி ஏறி இறங்கும் வடிவமான என்வலப்பில் ஆர் என்பது வேகம், எல் என்பது அளவு: ஆர்1 99, எல்1 99. எல்2, எல்3, எல்4 மூன்றும் 0. எல்3 தொடக்கத்தில் 99 ஆகத்தான் இருக்கும். அதை மாற்ற மறந்தால் கீயை அழுத்தியிருக்கும்வரை ஆர்மோனியம் வாசிக்கும்.

நாதம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஆர்2-இல். 50 வைத்தால் முழுதாக அடங்க ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல், 60 என்றால் அரை நொடிக்குச் சற்றுக் குறைவு, 70 என்றால் 0.17 நொடி அளவு. பத்து எண் கூட்டினால் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிறது. 'தீம்' சொல்லுக்கு 1 முதல் 5 வரை முறையே 52, 54, 58, 62, 66. மேல்சுரம் முதலில் சாகவேண்டும். எல்லாம் ஒரே வேகத்தில் அடங்கினால் காதுக்கு ஆர்கன் மாதிரிதான் படும்.

ஆபரேட்டர் 6-ஐ ஃபிக்ஸட் முறையில் (எந்தக் கீயை அழுத்தினாலும் மாறாமல்) 2500 ஹெர்ட்ஸ் பக்கம் நிறுத்தி, ஃபீட்பேக் (தன் அலையால் தன்னையே அசைப்பது) 7, ஆர்2 85 வையுங்கள். முப்பது மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். உண்மையில் இது இரைச்சல் இல்லை, கரடுமுரடான ஒரு ரம்ப அலைதான். ஆனால் அந்த நேரத்துக்குள் காது அவ்வளவு ஆராயாது, 'டக்' என்று விரல் பட்டதாக எடுத்துக்கொள்ளும். இதன் வெலாசிட்டி சென்சிட்டிவிட்டி (அடியின் வேகத்துக்கு இசையும் அளவு) 6, ஆபரேட்டர் 1-க்கு 2. அப்போதுதான் ஓங்கி அடித்தால் சத்தம் மட்டும் கூடாமல் விரலும் கேட்கும்.

'நம்' செய்ய இதையே நகலெடுத்து ஆபரேட்டர் 1-இன் அவுட்புட்டை 0 ஆக்கி, ஆபரேட்டர் 2-இன் அவுட்புட்டை 99-க்கு ஏற்றினால் போதும். வாசிப்பவர் மோதிரவிரலைத் தோலில் லேசாக வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் வெளிவட்டமான மீட்டில் அடிக்கும்போது நடப்பதும் அதுதான், அடிச்சுரம் அமுங்கி இரண்டாவது எழும்பும். சுருதி கேட்பது இந்த 'நம்'மில். ஐந்து கட்டை சுருதி, அதாவது ஜி, என்றால், பாடகரின் ஜி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஜி-யை அழுத்தவேண்டும். 'த', 'கி' போன்ற மூடிய சொற்களுக்கு எல்லா ஆர்2-வும் 78-க்கு மேல்.

இடது பக்கமான தொப்பிக்குத் தனி பேட்ச் (ஒலி அமைப்பு) வேண்டும், ஏனென்றால் சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் என்வலப் ஆறு ஆபரேட்டருக்கும் பொதுவானது. இங்கே பின்னத்துக்கு இடம் உண்டு: அல்காரிதம் 5, கேரியர் 1.00, மாடுலேட்டர் 1.59, மாடுலேட்டர் சீக்கிரம் அடங்கவேண்டும். கிக் டிரம்முக்குச் சுரம் மேலிருந்து கீழே விழும். தொப்பியில் எழும் கும்கி ஒலிக்கு மணிக்கட்டு தோலை அழுத்துவதால் சுரம் ஏறவேண்டும். பிட்ச் என்வலப் தொடங்குவது எல்4-இல் இருந்து, அதை 50-இலேயே விடுங்கள். எல்1, எல்2, எல்3 மூன்றையும் 58 ஆக்கினால் சரியாக மூன்று அரைச்சுரம் ஏறும். ஏறும் வேகம் ஆர்1-இல், அதைக் காதால்தான் பிடிக்கவேண்டும். ஆசிலேட்டர் கீ சிங்க் ஆன் ஆக இருக்கட்டும். ஆஃப் என்றால் ஒவ்வோர் அடியும் அலையின் வேறு இடத்தில் தொடங்கும், தாழ்ந்த சுரத்தில் ஓர் அடி கனமாகவும் அடுத்தது சோனியாகவும் விழும்.

இனி வாசிப்பு. சீக்வென்சரில் ஆதி தாளத்தை 32 ஸ்டெப்பாக (எட்டு அட்சரம், ஒன்றுக்கு நான்கு மாத்திரை) வைத்து 'த தி கி ண தொம்' மூன்று முறை, நடுவில் இரண்டு இடத்திலும் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி) என்றால் மொத்தம் 19. ஆகவே 14-ஆம் ஸ்டெப்பில் தொடங்கவேண்டும்: 14–18, 21–25, 28–32. அடுத்த 1 சமம், அதாவது தாளத்தின் தொடக்கம்.

பெரும்பாலும் குழப்பம் வருவது கேட் நீளத்தில், அதாவது கீ அழுந்தியிருக்கும் நேரத்தில். கீயை விட்டதும் என்வலப் ஆர்4-க்குத் தாவும். அது 99 ஆக இருந்து கேட்டும் சிறியதாக இருந்தால் 'தீம்' பாதியில் வெட்டுப்படும். ஆர்4-ஐ ஆர்2-வுக்குச் சமமாக வைத்துவிட்டால் வலந்தலைச் சொற்களுக்குக் கேட் நீளம் ஒரு பொருட்டே இல்லை. தொப்பிக்கு அது உதவாது. கீ விடுபட்டால் பிட்ச் என்வலப் எல்4-க்குத் திரும்பி ஏறிய சுரம் இறங்கிவிடும். அந்த நோட்டை நீளமாகவே வரையவேண்டும்.

இன்னொன்று, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது. நிமிடத்துக்கு 80 அட்சரம் என்றால் ஒரு மாத்திரை 187 மில்லிநொடி. ஒரு 'தீம்' அடங்குவதற்குள் ஆறு சொல் வந்துவிடும். நிஜத் தோலில் அடுத்து விழும் 'த' முந்தைய நாதத்தை அணைத்துவிடும், சிந்தசைஸர் தானாக அணைக்காது. ஒவ்வொரு சொல்லையும் மூன்று நான்கு வெலாசிட்டியில் வேவ் ஃபைலாக எடுத்து, பதிவான ஒலிகளை வாசிக்கும் சாம்ப்ளரில் போட்டு, வலந்தலைச் சொற்களை ஒரே சோக் குரூப்பில் (ஒன்று ஒலித்தால் மற்றது நிற்கும் கூட்டம்) சேர்த்துவிடுங்கள், ஹை-ஹாட்டுக்குச் செய்வதுபோல. தொப்பியை அந்தக் குரூப்பில் சேர்க்காதீர்கள். வலந்தலையில் 'த' அடித்தால் இடது பக்கத்துத் தோல் நிற்பதில்லை.