கையைப் பார்க்கச் சொன்ன ஆசான்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், முழங்கையை ஊன்றி எதிராளியின் கையைச் சாய்க்கும் பஞ்சகுஸ்திக்கு மேசை போட்ட இடத்திலெல்லாம் ஆசான் என்றால் ஒருவர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ஒன்பது ஆண்டு டயாலிசிஸுக்குப் பிறகு காலமானார். இளவயதில் அவர் யார் யாரைச் சாய்த்தார் என்பதைப் பழைய ஓணப் போட்டிகளைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் அவருடன் மேசையோரம் நடுவராக நின்றவர்களைக் கேட்டால், அவர் செய்த பெரிய வேலை எல்லாம் நோய் வந்த பிறகு செய்தவைதான். தன்னால் இழுக்க முடியாமல் போன பிறகு, இழுக்கிறவர்களின் எலும்பைக் காப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டார்.

இந்தப் பக்கத்துக் கைகள் பலமானவை. சித்தூர் வட்டாரத்தில் கள் இறக்குகிறவர்கள் தினமும் பாளையைத் தட்டிச் சீவுவதால் மணிக்கட்டும் விரல்களும் இறுகிப்போயிருக்கும். சுமை இறக்குகிறவர்களுக்கு முதுகும் தோளும். முதல் வகையினர் மேசைக்கு வந்தால் தாங்களாகவே மணிக்கட்டை உள்ளே மடக்கி ஹூக் போடுவார்கள். இரண்டாம் வகையினர் கையை மறந்துவிட்டு உடம்பை அப்படியே தூக்கிப் போடுவார்கள். ஆசான் அதிகம் கவலைப்பட்டது இவர்களைப் பற்றித்தான். பலசாலியான புதுமுகத்துக்குத்தான் கை முறியும் என்பது அவர் அனுபவம்.

காரணம் இதுதான். கை எதிராளியின் பிடியில் நடுமேசையிலோ தோற்கும் பக்கத்திலோ சிக்கி நிற்கும். ஜெயிக்கும் வேகத்தில் இவன் தன் தோளையும் முகத்தையும் மறுபக்கம் திருப்பி உடம்பால் இழுப்பான். முன்கை பின்னால் நிற்க, தோள் முன்னால் போக, நடுவில் உள்ள மேற்கை எலும்பு முறுக்கப்படும். நெஞ்சுத் தசையும் முதுகின் பெரிய தசையும் அந்த எலும்பை உள்பக்கம் திருப்புகின்றன; எதிராளியின் பலம் வெளிப்பக்கம் திருப்புகிறது. வளைவைத் தாங்கும் எலும்பு, இந்தத் திருகலை அவ்வளவாகத் தாங்காது. முழங்கைக்குச் சற்று மேலே சுருள் போல முறியும். சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். அந்த எலும்பை ஒட்டியே ஓடுகிற ரேடியல் நரம்பும் அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிப்போகும். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் அது திரும்பிவிடும். அதுவரை ஒரு டம்ளரைப் பிடிப்பதுகூடச் சிரமம்.

ஆசான் இதற்குச் சொன்ன மருந்து ஒரே வரி. “எதிராளி மூஞ்சியப் பாக்காத கண்ணு, உன் கையப் பாரு.” கண் கையில் இருந்தால் முகம் திரும்பாது, முகம் திரும்பாவிட்டால் தோளும் திரும்பாது. கை போகிற பக்கமே நெஞ்சும் போகும். தோற்கிற நிலையில் மாட்டிக்கொண்டால் கையோடு உடம்பையும் விட்டுவிடச் சொல்வார். ஒரு ஆட்டம் போனால் போகட்டும், இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றும் டபுள் எலிமினேஷனில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்பார். ஆட்டத்தின் நடுவே யாராவது தோளைத் திருப்பினால் முதலில் குரல் கொடுப்பார். கேட்காவிட்டால் இரண்டு கைகளையும் தன் கையால் பொத்தி ஆட்டத்தை நிறுத்திவிடுவார். கூட்டம் திட்டும். இரண்டு தரப்பு ஆட்களும் சண்டைக்கு வருவார்கள். அவர் மாற்றிக்கொண்டதே இல்லை.

மேசை விஷயத்திலும் அப்படித்தான். நின்று இழுக்கும் மேசைக்குத் தரையிலிருந்து பலகை வரை 40 அங்குலம். பலகை 36க்கு 26 அங்குலம். முழங்கை மெத்தை 7க்கு 7, கனம் 2 அங்குலம். பக்கத்தில் கை சாய்கிற மெத்தை 10 அங்குல நீளம், 4 அங்குல உயரம். சும்மா இருக்கும் கை பிடித்துக்கொள்ளும் குச்சி 6 அங்குல உயரம். இந்த அளவுகள் தெரிந்த வெல்டர் எவரும் சட்டம் கட்டிவிடலாம், தவறு நடப்பது வேறு இடத்தில். சாதாரண சோபா ஸ்பஞ்சை முழங்கைக்குப் போட்டால் அழுந்தி முழங்கை குழியில் இறங்கும். வெளியே எடுக்கும்போது மெத்தையை விட்டுக் கிளம்பும், வீணாக ஃபவுல் விழும். அழுத்திச் செய்த கெட்டி ஸ்பஞ்சுதான் வேண்டும். ரெக்ஸினின் தையல் முழங்கை படும் மேற்பரப்பில் வரக்கூடாது, தோலைக் கிழிக்கும். குச்சியின் வெல்டிங்கைப் போட்டிக்கு முன் ஒவ்வொரு முறையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். இழுக்கும் வேகத்தில் அது கழன்றால் ஆள் பின்னால் விழுவான், கை மட்டும் மேசையில் நிற்கும். கால்களின் அடியில் அகலமான தகடு வைத்து, அதன்மேல் மணல் மூட்டை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்தவெளியில் மேசை போட்டால் ரெக்ஸின் மேல் புழுதி படியும். ஈரத்துணியும் காய்ந்த துணியும் எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும்.

அவருடைய உண்மையான கைத்திறன் பிடி போட்டு வைப்பதில் இருந்தது. இருவர் தோளும் மேசைக்கு நேராக இருக்க வேண்டும். கைகள் நடுமேசைக்கு மேலே. உள்ளங்கையோடு உள்ளங்கை, கட்டைவிரலின் கவடு கவட்டோடு இறுக்கமாகச் சேர வேண்டும். கட்டைவிரல் மூட்டு நடுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மணிக்கட்டு நிமிர்ந்திருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் தாங்களே இதைச் செய்யாமல் ஒருவர் விரலை ஒருவர் திருடிக்கொண்டிருந்தால் நடுவரே பிடி போட்டு வைக்க வேண்டும். முதலில் மணிக்கட்டுகளை நிமிர்த்தி நடுவில் நிறுத்துவார். பிறகு ஒரு பக்கக் கட்டைவிரலை மடக்கி, அதன்மேல் விரல்களை ஒவ்வொன்றாக மூடுவார். அடுத்த பக்கமும் அதே. கையை விடும்போது மேலே நேராக எடுப்பார். பக்கவாட்டில் எடுத்தால் ஒருவனுக்கு ஒரு அங்குலம் இனாமாகப் போய்விடும். “ரெடி”க்கும் “கோ”வுக்கும் நடுவில் ஒரே இடைவெளி விடமாட்டார். தாளம் பழகிவிட்டால் முந்திக் கிளம்புகிறவன் ஜெயித்துவிடுவான்.

பிடி நழுவினால் இருவர் கையையும் சேர்த்துப் பட்டையால் கட்டுவார்கள். டாப் ரோல் போடுகிறவன் எதிராளியின் விரல் நுனிக்கு ஏறி, தோற்கப் போகும்போது வேண்டுமென்றே நழுவவிடுவது உண்டு. பட்டை கட்டிய பிறகு அந்தத் தந்திரம் செல்லாது. பட்டையை இறுக்கக் கட்டவேண்டும், ஆனால் விரல் நுனி நீலமாகக் கூடாது. இது தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் இன்னும் சிலர்தான்.

நோயைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் அதையும் அவர் பாடமாக்கினார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து சிறுநீரகம் போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வலது கைக்காரர் என்பதால் இடது முன்கையில் ஃபிஸ்டுலா வைத்தார்கள். தமனியைச் சிரையோடு இணைத்து, அந்தச் சிரை தடித்து ஊசி தாங்குகிற வரை இரண்டு மாதமாவது காத்திருக்க வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, தலைக்கு அடியில் மடக்கி வைத்துத் தூங்கக்கூடாது. தொட்டால் பூனை உறுமுவது போல் ஓர் அதிர்வு இருக்கும், அது நின்றால் உடனே ஆஸ்பத்திரி. இடது கை ஆட்டம் அன்றோடு முடிந்தது. சிறுநீரகம் கெட்டால் எலும்பின் உறுதியும் குறையும் என்று மருத்துவர் சொன்னதும் வலது கையையும் அவரே நிறுத்திக்கொண்டார்.

தென்னந்தோப்பில் பிறந்து வளர்ந்தவருக்கு இளநீர் விலக்கு. அதிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற சிறுநீரகம் இல்லாதபோது அது இதயத்துடிப்பையே குலைக்கும். இதைப் பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. எடைப் பிரிவில் நுழைவதற்காக முதல் நாள் தண்ணீர் குடிக்காமல், ரெயின்கோட் போட்டு ஓடி இரண்டு மூன்று கிலோ இறக்குவார்கள். முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக் மாத்திரையும் போடுவார்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த மாத்திரை அதை இன்னும் குறைக்கும். எடை பார்க்கும் இடத்தில் உதடு வெடித்துப்போன பையன் வந்தால் ஆசான் மேல் பிரிவில் பெயர் எழுதச் சொல்வார். மறுத்தால் அன்று மேசை கிடையாது. ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்கும் நிதானமாக விளக்குவார். தசை பெருத்தவனுக்கும் கிரியாட்டின் பொடி சாப்பிடுகிறவனுக்கும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போ என்பார்.

கடைசி ஆண்டுகளில் வலது கையும் மரத்தது. பல ஆண்டுகள் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஒரு வகைப் புரதம் மணிக்கட்டில் படிந்து நரம்பை நெருக்கும். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் உணர்விழக்கும். ஒருகாலத்தில் அவர் பிடியிலிருந்து யாரும் விரலை உருவ முடியாது. அந்த விரல்களால் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போயிற்று. அப்போதும் போட்டிக்கு வந்தார். துணை நடுவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண் மட்டத்தில் முழங்கைகளைப் பார்ப்பார். நின்றுகொண்டு பார்க்கிறவர்களுக்குத் தெரியாத கால் அங்குல இடைவெளி அவருக்குத் தெரியும். பிடி போடும் வேலையைப் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிச் சொல்லிச் செய்யவைத்தார். “இடப்பக்கம் மணிக்கட்டு மடங்குது, நிமுத்து சாமி. இப்ப மூடு.”

2023இல் டெல்லியில் நடந்த முதல் ப்ரோ பஞ்சா லீக் பஞ்சகுஸ்திப் போட்டியில் கொச்சி அணி கோப்பை வென்றபின் எல்லைக் கிராமங்களிலும் பையன்கள் மேசையைத் தேடி வந்தார்கள். வந்தவர்களை உடனே இழுக்கவிடவில்லை. முதலில் மணிக்கட்டை உள்ளே மடக்கும் பயிற்சி, பட்டையைக் கட்டி உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் பயிற்சி, தடித்த பிடியைச் சுத்தியல் போலப் பிடித்து மடக்கும் பயிற்சி, விரல்களை ரப்பர் பட்டையால் விரிக்கும் பயிற்சி. மேசையில் இழுப்பது வாரத்தில் ஒரு நாள். தசை சில வாரங்களில் பெருக்கும், தசைநாண் இறுகப் பல மாதங்கள் வேண்டும். அந்த இடைவெளியில்தான் முழங்கை வலி வரும். 16 வயதுக்குக் கீழே முழு பலத்தோடு இழுக்க அவர் தடை போட்டிருந்தார். அந்த வயதில் முழங்கையின் உள்பக்க எலும்பு முனை இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது, முன்கைத் தசைகள் அதைப் பெயர்த்துவிடும். அமெரிக்கப் பஞ்சகுஸ்தி வீரர் ஜான் பிரசெங்க் தன்னைவிட மிகக் கனமானவர்களைச் சாய்க்கும் காட்சிகளைப் போனில் காட்டுவார். தோளைப் பார்க்கவிடமாட்டார், விரல்களை மட்டும் பார்க்கச் சொல்வார்.

முறிவு நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அட்டையில் எழுதி மேசையின் அடியில் ஒட்டியிருந்தார். கையை நேராக்காதே, இழுக்காதே. இருக்கும் நிலையிலேயே உடம்போடு சேர்த்துத் துண்டால் கட்டு. மோதிரம், கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்று. மணிக்கட்டைத் தூக்க முடிகிறதா, கட்டைவிரலுக்குப் பின்புறம் தொட்டால் தெரிகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், எதுவும் தின்னக் கொடுக்காதே.

அந்த மேசை இப்போதும் பயன்பாட்டில் இருக்கிறது. மெத்தை மட்டும் மாற்றியாகிவிட்டது. குறை இருப்பது நடுவர்களிடம். இளம் நடுவர்கள் பிடியைச் சரியாகப் போடுகிறார்கள், ஆனால் கூட்டம் கத்தினால் அவசரப்பட்டு மூடாத விரலோடு “கோ” சொல்லிவிடுகிறார்கள். தோள் திரும்பும்போது ஆட்டத்தை நிறுத்தவும் தயங்குகிறார்கள். அடுத்த ஓணத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவர்களை மட்டும் வரவழைத்துப் பிடி போடுவதையும் ஆட்டம் நிறுத்துவதையும் பழக்குவதென்று முடிவாகியிருக்கிறது. ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே தோளைத் திருப்பிக் காட்டுவார்கள், பலம் போடமாட்டார்கள். நடுவர் எத்தனை நொடியில் கையைப் பொத்துகிறார் என்பதைப் பக்கத்தில் ஒருவர் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்வார்.