அம்மா பெயர் இல்லாத பாகப்பத்திரம்

தாத்தா 1996-இல் பதிவு செய்த பாகப்பத்திரத்தில் மாமா பெயர் இருக்கிறது, சித்தி பெயர் இருக்கிறது. அம்மா பெயர் இல்லை. அம்மாவுக்குக் கல்யாணம் 1988 கார்த்திகையில்; சித்திக்கு அடுத்த வருடம் ஆனியில். இடையில் வந்தது 1989 மார்ச் 25. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அன்றிலிருந்து அமலுக்கு வந்ததாகக் கணக்கு. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு என்றது அது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் மணமான மகளுக்குக் கிடையாது.

ஏன் கிடையாது? வக்கீல் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் இதை நான் தேடிப் பார்க்காதது எனக்கு உறுத்தியது. அரசிதழ்களைப் புரட்ட உட்கார்ந்தேன்.

முதல் நாள் வீண். 1989-ஆம் ஆண்டுச் சட்டங்களில் அது இல்லவே இல்லை. பெயரில்தான் 1989, எண்ணோ 1990-இன் 1-ஆம் சட்டம். வாரிசுரிமை, மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் வருகிறது. 1956-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்துக்கு மாறாக மாநிலம் ஒன்றைச் சொன்னால், அது நிற்கக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைப்பதற்குள் வருடம் திரும்பிவிட்டது.

இதுபோலத் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சட்டத்தை எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்று அரசு எழுதும் நோக்க காரண விளக்கவுரை சட்டமுன்வடிவோடுதான், அதாவது மசோதாவோடுதான் அச்சாகும். அதனால் அரசிதழின் நான்காம் பகுதியில் சட்டங்கள் வரும் 2-ஆம் பிரிவோடு நிறுத்தாமல், முன்வடிவுகள் வரும் 1-ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். அப்புறம் அவை விவாதம். 1967-இன் சுயமரியாதைத் திருமணச் சட்டம் என்றால் இரண்டு அவைகளின் குறிப்புகளையும் பார்க்க வேண்டும். மேலவை 1986-இல் போய்விட்டதால் இதற்குப் பேரவைக் குறிப்புகள் மட்டும் போதும்.

எனக்கு வழி காட்டியது ஆந்திரா. அங்கே இதே உரிமை 1985 செப்டம்பர் 5 முதல் வந்துவிட்டது. அத்தியாய எண், பிரிவு எண்கள், மணமான மகளை விலக்கும் வரி எல்லாம் நம்முடையதைப் போலவே இருக்கின்றன. அந்தச் சட்டத்தின் முகப்புரை, மகளுக்குப் பங்கு மறுத்ததே வரதட்சணைக்கு வழிவிட்டது, அதை ஒழிக்க வேண்டும் என்கிறது. படித்ததும் எனக்குப் பிடிபட்டது போலிருந்தது. கல்யாணம் முடிந்த பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்ற கணக்காக இருக்கலாம். அம்மாவுக்குப் போட்டது எட்டுப் பவுன். நிலம் நாலு ஏக்கர்.

2005-இல் மத்தியத் திருத்தம் அந்த விலக்கை எடுத்தது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடவில்லை. தாத்தாவின் பத்திரம் அப்படியே நிற்கிறது. அம்மா எதுவும் கேட்கவில்லை, சித்தியிடம் கோபமும் இல்லை.

சரி, அடுத்த வாரம் பேரவைக் குறிப்புகள். அந்த ஒரு வரியைப் பற்றி எழுந்து கேட்ட உறுப்பினர் ஒருவராவது இருந்தால், அவர் பேசியதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.