கல்லடியில் மழை, விசா, கொங்கிறீட்

நவம்பர் 3
கனடா விசா பற்றி இன்றும் மின்னஞ்சல் இல்லை.

நவம்பர் 5
அக்கா வினிபெக்கிலிருந்து வாட்ஸப்பில் படம் அனுப்பியிருக்கிறா. போன வருடம் வீட்டு முன்னால் கார் விடப் போட்ட கொங்கிறீட் தளம், மேல்தோல் செதில் செதிலாக உரிந்து உள்ளே சல்லி தெரிகிறது. "நீ படிச்சதுதானே, பார்த்துச் சொல்லு" என்கிறா. தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 வீதம் பருக்கும், நுண்துளைக்குள் நிற்கும் தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லாவிட்டால் உடைக்கத்தான் செய்யும். அதற்காகவே கலவையில் சோப்பு மாதிரி நுரைக்கிற ஒரு கெமிக்கலைச் சேர்த்து, 0.2 மில்லிமீற்றர் இடைவெளிக்குள் ஒரு குமிழ் இருக்கும்படி காற்றை அடைக்கிறார்கள். பனியை உருக்கத் தூவும் உப்புப் படும் தளத்துக்குக் கனடாவில் கேட்பது 5 முதல் 8 வீதம் காற்று.

நவம்பர் 6
விசாவும் இல்லை, கரண்டும் இல்லை.

நவம்பர் 9
எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடுகிறார்கள். மேசன் மாமா போக்கரை, அதுதான் கலவையை அதிர வைத்து இறுக்கும் கருவியை, இறக்க இறக்கக் காற்று கொப்பளித்து வருகிறது. "காத்து நிண்டா பலம் போயிரும் மகன்" என்றார். சரிதான், 1 வீதம் காற்றுக்கு 5 வீதம் அளவில் பலம் குறையும். கனடாவில் அந்தப் பலத்தைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார்கள். போக்கர் துரத்துவது பெரிய குமிழ்களை, அவர்களுக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியாதவை. இதைச் சொல்லத் தொடங்குவதற்குள் அவர் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டார். தண்ணீர் கூடினாலும் பலம் போகும், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நவம்பர் 10
மழை. பொலித்தீன் போட்டும் ஒரு மூலை கழுவுண்டு போயிற்று.

நவம்பர் 14
இரவு இரண்டு மணி, நித்திரை இல்லை. போடும்போது மேலே தண்ணீர் தெளித்துத் தேய்த்தார்களா என்று அக்காவைக் கேட்டேன். ஓம், ஓஸால் தெளித்துத் தெளித்துப் பளபளப்பாக்கினார்களாம்! அப்படியென்றால் மேல் சில மில்லிமீற்றர் வெறும் தண்ணிச் சாந்து, குமிழும் அங்கே செத்திருக்கும். பிறகு முதல் குளிரிலேயே அத்தான் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறார். எந்தக் கெமிக்கல் போட்டும் என்ன, கரண்டி பிடித்தவன் கெடுத்தால் கெட்டதுதான். இப்போது அத்தான் சீலர் என்கிற மேற்பூச்சு ஒரு வாளி வாங்கி வைத்திருக்கிறாராம். தண்ணீர் இறங்குவதைக் குறைக்கும், விழுந்த தோலை ஒட்டாது.

நவம்பர் 15
உப்பை விட்டு மணல் போட அத்தான் சம்மதம். கடுங்குளிரில் சாதாரண உப்பு எப்படியும் பெரிதாக வேலை செய்யாது.

நவம்பர் 19
மின்னஞ்சல்! புதிய பொலிஸ் சான்றிதழ் வேண்டுமாம். அம்மாவுக்கு வேறு கவலை: "ஏசி பஸ்ஸுக்கே சால்வை கேட்கிறவன், அங்க என்ன செய்யப் போறாய்?"

நவம்பர் 22
எனக்கு வேலை பேசும் கனடாக் கொங்கிறீட் பிளாண்ட்காரர் ஸூமில் கூப்பிட்டார். காற்றை எப்படி அளப்பாய் என்றதும் அழுத்தமானியைப் பற்றி ஒப்புவித்தேன், அதைக் கையால் தொட்டதே இல்லை, இங்கே கலவையின் இளக்கத்துக்கு ஸ்லம்ப் பார்ப்பதும் பலத்துக்குக் கியூப் உடைப்பதும்தான். நிலக்கரிச் சாம்பல் சேர்த்தால் என்ன ஆகும் என்றார். எரியாமல் மிஞ்சிய கரி அந்தக் குமிழ்க் கெமிக்கலை உறிஞ்சிவிடும், அளவைக் கூட்ட வேண்டும் என்றேன். தலையாட்டினார். நல்லதற்கா என்று தெரியவில்லை. கலவை சூடானால் காற்று குறையும் என்பதை நான்தான் வலியச் சொன்னேன், மட்டக்களப்பானுக்குச் சூட்டைப் பற்றிப் பேச உரிமை இருக்கிறதே. பதில் அடுத்த கிழமையாம். நாளைக்குச் சான்றிதழ் அலுவல், போட்டோக் கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும்.